தட்டில் இருந்த தம்பி

துருவாய் என்ற இசைக்குழு கலைந்து பல வருடம் ஆன பிறகும், அது வெளியிட்ட ஒரே இசைத்தட்டு மேலும் மேலும் நன்றாக வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தது. தட்டை அச்சடித்த ஆலை இதற்குப் பொறுப்பேற்க மறுத்தது. விற்ற கடைகள் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தன. வாங்கியவர்கள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு சமாதானமாகிவிட்டார்கள். நாலே பாட்டுகள் கொண்ட சின்னத் தட்டு அது. ஒருவர் தலைக்குக் குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஓடித் தீர்ந்துவிடும். தட்டின் பெயர் மூச்சடைப்பு.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டு உறவுமுறையை வைத்தே ஊரும் அவர்களைக் கூப்பிட்டது: அக்கா, மாமா, தம்பி. அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். முகம் தெரியாத யார் யாருடைய வாயின் அச்சோ பிளாஸ்டரில் வந்து சேரும். அவள் அதில் மெழுகு வைத்துப் பல் பல்லாக அடுக்குவாள். அவளுடைய வாத்தியம் பேஸ் கிதார். மாமா தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். பதித்த ஒவ்வொன்றையும் சுத்தியல் பிடியால் தட்டி, அடியில் பொள்ளல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அக்கா வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க வந்தவர்தான் அவர். அவர் தட்டிய தட்டுக்கு அடுத்த அறையிலிருந்து அக்கா பேஸில் பதில் சொல்லப்போய், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரம் இழுத்தது. அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று. தம்பி அக்காவின் உடன்பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், அவனுக்குச் சட்டை எடுத்துக்கொடுத்ததிலிருந்து கண்டித்தது வரை எல்லாம் அக்காதான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுத்திருந்தான். டீக்கடையில் மூன்று தரம் கேட்டால்தான் அவனுக்கு டீ வரும், அவ்வளவு மெல்லிய பேச்சு. ஆனால் அவன் மேல்மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து, இருட்டான குழிக்குள் தலையை நீட்டி உறுமினால், அந்த உறுமல் தரைத்தளம் வரை இறங்கி, மோதி, இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். ஒரு குடியிருப்பில் இருந்தவர்கள், குழிக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று கம்பெனிக்குப் புகார் செய்தார்கள். கம்பெனி அவனையே அனுப்பிப் பார்க்கச் சொன்னது. பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

மெட்டல் என்று சொல்லப்படுகிற இசையிலேயே கடைக்கோடியில் இருக்கிற வகை அவர்களுடையது. வேகம், அதற்கு மேல் வேகம். ட்ரம்ஸ் வாசிக்கும் மாமாவின் இரண்டு கால்களும் இரண்டு மிதியில் தையல் இயந்திரம் போல ஓடும். கிதார் வாசிக்க ஆள் கிடைக்காததால் அக்காவின் பேஸையே ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் கிழித்துக் கிதார் மாதிரி ஆக்கியிருந்தார்கள். அதற்கு மேல் தம்பியின் உறுமல். பாட்டுகளுக்குச் சொற்கள் இருந்தன; எழுதிய தம்பிக்கே சில இடங்களில் அவை காதில் விழாது. பயிற்சி ஒரு மெத்தைக் கடையின் கிடங்கில் நடந்தது. நான்கு சுவரிலும் கூரை வரை மெத்தை அடுக்கியிருந்ததால் ஒரு பொட்டுச் சத்தம் தெருவுக்கு வராது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கின. இரண்டாவது பாட்டின் நடுவில் மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓர் இடம் வைக்கலாமே என்று மாமா பலமுறை கேட்டுப் பார்த்தார். நாள் முழுக்கத் தரையில் மண்டி போட்டு வேலை செய்கிறவர், முழங்கால் அவருக்கு அப்போதே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. மெதுவாகப் போவது வயசானவர்களுக்கு என்று தம்பி சொல்லிவிட்டான். அக்கா யார் பக்கமும் சேரவில்லை. தட்டைப் பதிவு செய்த ஸ்டூடியோ, லிஃப்டுக்குள் கேட்கிற பெண் குரலைப் பதிவு செய்து பிழைத்துக்கொண்டிருந்தது. தம்பியின் கம்பெனி மூலம்தான் பழக்கம். அங்கே இருந்த ஒலிப்பதிவாளர் நாலு பாட்டையும் எடுத்து முடித்துவிட்டு, காதிலிருந்து பஞ்சை எடுத்து, நன்றாக வந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது என்றார்.

தட்டு வெளிவந்தது. வேகமாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. சில நூறு பேர் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் பெரிய நகரத்தில் பெயர் வாங்கிய ஒரு குழுவைச் சேர்ந்தவர். அந்தக் குழுவில் பாடகன் விலகிவிட்டான், நீ வருகிறாயா என்று தம்பிக்குப் போன் வந்தது. துருவாய்க்கு அன்று மாலை பயிற்சி இருந்தது. தம்பி காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். அக்கா முகத்தைப் பார்த்துச் சொன்னால் போக முடியாது என்று அவனுக்குத் தெரியும். சொல்லாமல் போனால் திரும்பி வர முடியாது என்பதை அவன் யோசிக்கவில்லை. கிடங்குச் சாவியை மெத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து, அக்கா வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னான். மாலையில் கடைக்காரர் திறந்துவிட்ட கிடங்கில் மாமா ட்ரம்ஸை முறுக்கிச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றாள். மெத்தைக் கடைக்காரருக்குச் சொல்ல வாய் வரவில்லை. கடை அடைக்கும்போதுதான் வந்து, தம்பி காலையில் பஸ் ஏறியதைச் சொல்லிச் சாவியை நீட்டினார். அக்கா சாவியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நானே துணி மடிச்சு வச்சு அனுப்பியிருப்பேன்" என்றாள்.

பெரிய குழு தம்பியை ஒரு வருடம் கூட வைத்துக்கொள்ளவில்லை. வாரத்தில் பாதி நாள் மேடை, மீதி நாள் வண்டியில் பயணம். லிஃப்ட் குழியில் தானாகப் பெரிதாகிற உறுமலை மேடையில் தொண்டையைக் கிழித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. குரல்நாணில் கொப்புளம் வந்தது. டாக்டர் பல மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார். அவன் வாய் மூடியிருந்தபோது அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். தம்பி இந்த ஊருக்கே திரும்பி வந்தான். ஆனால் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பழைய கம்பெனி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஊரின் மறுகோடியில், ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையை ஒட்டிய ஒற்றை அறையில் குடியேறினான். யாராவது கீழே பொத்தானை அமுக்கும்போதெல்லாம் சுவர் முனகும் என்பதால் அந்த அறைக்கு வேறு யாரும் போட்டியில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், கைப்பிடி உடைந்த ஒரு கெட்டில். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று முனகலை வைத்தே சொல்லிவிடுவான், சொல்வதற்குத்தான் ஆளில்லை. ஒருமுறை கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தான். காய்கறிப் பையுடன் எதிரே வந்துகொண்டிருந்தாள். ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. பஸ் நகர்வதற்குள் அவன் சந்துக்குள் நுழைந்துவிட்டான். பிறகு அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

கீழ்மாடியில் வீடு காலி செய்த ஒருவர் தூக்கிப்போட இருந்த பழைய ரெக்கார்டு பிளேயரைத் தம்பி வாங்கி வந்து சரிசெய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சட்டையில் சுற்றி வைத்திருந்த தன் தட்டை எடுத்துப் போட்டான். முதல் பாட்டு எப்போதும் போல ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் வேகம் குறைந்தது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி மாட்டினான். மறுபடியும் அதே இடத்தில், மலை ஏறுகிற லாரி போல, பாட்டு கனமாகவும் நிதானமாகவும் நகர்ந்தது. மாமா ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இடம் விட்டு வாசித்தார். அந்த இடங்களில் அக்காவின் பேஸ் தனியாக நின்று அதிர்ந்தது. அதன் மேல் ஓர் உறுமல் வந்தது. அது அவன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு என்றைக்குமே எட்டாத ஆழத்திலிருந்து வந்தது. தொண்டையைக் கிழிக்காமல், வயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல் எழுந்தது. பழகப் பழகத்தான் அப்படி வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். போகாமல் இருந்திருந்தால் மாமா கேட்ட இடத்தைக் கொடுத்திருப்போம், இந்தக் குரல் வந்திருக்கும். அவன் போய்விட்டான். தட்டில் இருந்தவன் போகவில்லை.

அதே வருடம் மற்றவர்களும் கவனித்தார்கள். ஒருவர் தன் தட்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, நான் வாங்கியது வேகமான பாட்டு, இது தூங்கி வழிகிறது என்று சத்தம் போட்டார். கடைக்காரர் தன்னிடம் இருந்த தட்டைப் போட்டுக் காட்டினார். அதுவும் தூங்கி வழிந்தது. அச்சடித்த ஆலையிலிருந்து ஆள் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பள்ளங்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூடியோவில் மூல நாடாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அதில் பழைய பாட்டு பழைய வேகத்திலேயே இருந்தது. தட்டுகள் மட்டுமே முன்னேறியிருந்தன. வேறொன்றும் இல்லை என்று எழுதிய பத்திரிகை, இப்போது நிறைய இருக்கிறது என்று எழுதியது. முன்பு எழுதியதும் அப்போதைக்குச் சரிதான் என்று சேர்த்துக்கொண்டது. ரசிகர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒன்றுகூடிப் போட்டுக் கேட்டார்கள். மரங்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள்: இந்த வருடம் நல்ல வளர்ச்சி, போன வருடம் கொஞ்சம் சுமார். மூன்றாவது பாட்டு முழுதுமாக மெதுவாகிவிட்ட வருடம் ஒன்று இருந்தது. நாலாவது பாட்டின் தொடக்கத்தில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது ஒரு வருடம். இன்னொரு வருடம் அதே பாட்டில் உறுமலுக்குள்ளிருந்து சொற்கள் துலக்கமாக எழுந்து வந்தன. வந்த பிறகுதான், அது ஒரு வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

தம்பி ரசிகர்களின் கூட்டத்துக்குப் போனதில்லை. அறையில் ஞாயிறு தோறும் மத்தியானம் தனியாகக் கேட்டான். போகப் போக, பாட்டுகளை விடப் பாட்டுகளுக்கு நடுவில் வருகிற இடைவெளிக்குத்தான் அவன் காத்திருந்தான். முன்பெல்லாம் வெறும் இரைச்சல் இருந்த அந்த இடத்தில் இப்போது மூன்று பேரும் பேசிக்கொள்வது கேட்டது. மாமா முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டு, மச்சான் மறுபடி முதல்லேர்ந்து போலாமா என்பார். ஏதோ கீழே விழும், அக்கா சிரிப்பாள். பிறகு அவள் குரல், ஆம்பின் பக்கத்திலிருந்து வருவது போல, சாப்பிட்டியாடா என்று கேட்கும். ஆச்சுக்கா என்று தட்டில் இருக்கிறவன் சொல்வான். அறையில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவனும் சொல்வான், ஆனால் எப்போதும் ஒரு நொடி பிந்திவிடும். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும். தட்டில் இருக்கிறவன் மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அவன் இல்லாவிட்டால் அக்காவின் குரலைக் கேட்க வேறு வழி இல்லை என்பதால் பொறாமையை அடக்கிக்கொண்டான். வருடங்கள் இப்படிப் போயின. கம்பெனியில் அவனை மூத்த மெக்கானிக் ஆக்கினார்கள். நெற்றி ஏறியது. பேச வேண்டிய தேவை குறையக் குறைய அவன் பேச்சு இன்னும் மெல்லிதாகி, டீக்கடையில் ஆறு தரம் கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் வலது கால் நின்றுவிட்டது. முதல் பாட்டிலிருந்தே தெரிந்தது. இரண்டு மிதியில் ஒன்றுதான் ஓடியது. கை அடிகளிலும் பாதியைக் காணவில்லை. மாமா எடுத்துக்கொள்கிற இடைவெளி இல்லை அது. நொண்டி நொண்டி, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு வாசிக்கிற வாசிப்பு. அக்காவின் பேஸ் அவருக்காக ஒவ்வோர் அடியிலும் நின்று காத்திருந்தது. இடைவெளியில் மாமாவின் குரலே இல்லை. அக்கா சாப்பிட்டியாடா என்று மட்டும் கேட்டாள், சிரிக்கவில்லை. தம்பி பழைய வழக்கப்படி பெல்ட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். பிறகு பிளேயரை மூடிவிட்டு ஜன்னலண்டை போய் நின்றான். ஊரின் அந்தக் கோடியில் அக்கா வீடு இருக்கும் திசை அங்கிருந்து தெரியும். அன்று போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவான். கட்டட வாசல் வரை போய்விட்டு, மறந்துபோன எதையோ எடுக்கப் போகிறவன் போல மேலே ஏறிவிடுவான். மாதங்கள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

அக்கா கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. விரல் நுனிகளில் மெழுகு ஒட்டியிருந்தது. விடுமுறை நாளிலும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிறாள் என்று புரிந்தது. கதவை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள். கூடத்தில் ஜன்னல் பக்கமாக மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வாயின் ஓர் ஓரம் இறங்கியிருந்தது. ஒரு வீட்டு மாடியில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டாராம், பக்கவாதம் என்றார்களாம். தம்பியைப் பார்த்ததும் இடது கையில் இரண்டு விரலைத் தூக்கினார். பேச்சு வரும், நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் மேசை மேல் ரெக்கார்டு பிளேயர் இருந்தது, அதன் மேல் தட்டு.

தம்பிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில், "தட்டுல மாமாவோட வலது கால் நின்னுபோச்சுக்கா. அதான் வந்தேன்" என்றான்.

"அது நின்னு ஆறு மாசம் ஆச்சு. இப்பதான் கேட்டுச்சா உனக்கு?"

"அப்பவே கேட்டுச்சு. வர்றதுக்குத்தான் கால் வரல."

அக்கா மேசை விளிம்பில் இருந்த மெழுகுத் துணுக்கை நகத்தால் சுரண்டினாள். சுரண்டி முடித்த பிறகுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நானும்தான் தினமும் அதப் போட்டுக் கேக்கறேன். அதுல என் தம்பி இருக்கான். அவன் எங்கயும் போகல. சாப்பிட்டியான்னு கேட்டா பதில் சொல்றான். மாமாவுக்கு முடியாமப் போனப்பவும் அதுக்குத் தகுந்த மாதிரி மெதுவாப் பாடறான். அவன எனக்குத் தெரியும். நீ யாரு?"

"நான் போனவன்க்கா" என்றான் தம்பி.

அக்கா உள்ளே போனாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதை அவனிடம் கொடுக்காமல் அவனுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து பல் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டாள். தம்பி தண்ணீரைக் குடித்தான். மாமா இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற வரை மூவரும் அப்படியே இருந்தார்கள். கிளம்பும்போது, குளியலறைக் கதவின் கீல் தளர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் வந்து சரிசெய்கிறேன் என்று தம்பி சொன்னான். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது திருப்புளி மேசை மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

கீலை முடுக்கிவிட்டுத் தம்பி கூடத்துக்கு வந்த நேரத்தில் அக்கா தட்டைப் போட்டாள். மாமா நாளில் அந்த ஒரு பொழுதில்தான் உற்சாகமாக இருப்பார். தட்டோடு சேர்ந்து இடது கையால் தட்டுவார், அதுவே வைத்தியம் மாதிரி. முதல் பாட்டு தொடங்கியது. நொண்டுகிற ட்ரம்ஸ், காத்திருக்கிற பேஸ். உறுமல் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. இடம் மட்டும் வந்து, கடந்து போயிற்று. அக்கா ஊசியை எடுத்து முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் அதே. தட்டைத் திருப்பிப் போட்டாள். நாலு பாட்டிலும் குரல் இல்லை. இடைவெளியில் தட்டில் இருக்கிற அக்கா சாப்பிட்டியாடா என்று கேட்டாள். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். அப்போதும் இல்லை. ஊசி தட்டின் நடுவுக்கு வந்து உரசிக்கொண்டே இருந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இவனும் போயிட்டான்" என்றாள் அக்கா. "இவனும் சொல்லாமத்தான் போயிருக்கான்."

அவள் அழுததை மாமாவே பல வருடமாகப் பார்த்ததில்லை. அன்று அழுதாள். பல் செட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மேசையில் கையை ஊன்றி, சத்தமில்லாமல் அழுதாள். தம்பி பக்கத்தில் போகத் துணியாமல் கூடத்தின் ஓரத்திலேயே நின்றான். தன்னால்தான் அவன் போய்விட்டான் என்று நினைத்தான். ஒரு வீட்டில் ஒரு தம்பிக்குத்தான் இடம் போலிருக்கிறது. இத்தனை வருடம் கூட இருந்தவன், இவன் செருப்பை வாசலில் பார்த்ததும் எழுந்து போயிருக்கிறான். அப்படியானால் இவன் வராமல் இருந்தால் அவன் திரும்பி வருவான். தம்பி ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தன் அறையில் தட்டைப் போட்டு, அந்தக் குரல் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், சாப்பிட்டியாடா, சாப்பிட்டியாடா என்று. கேட்கிற குரல் வாரத்துக்கு வாரம் தளர்ந்தது. கடைகளில் மறுபடியும் புகார் கிளம்பியது. பாடகரைக் காணோம் என்று ரசிகர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். இதுவும் ஒரு வளர்ச்சிதான் என்று ஒரு கட்சி, ஏமாற்று வேலை என்று ஒரு கட்சி.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தம்பி அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா தட்டைப் போட மனமில்லாமல் இருந்தாள்; மாமாதான் இடது கையால் மேசையைத் தட்டித் தட்டிப் போடச் சொன்னார். முதல் பாட்டு குரல் இல்லாமல் ஓடி முடிந்தது. இடைவெளி வந்தது. ஏதோ நகர்த்துகிற சத்தம். பிறகு தட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"இன்னும் இல்லக்கா" என்றான் தம்பி, கூடத்தின் ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடி. எப்போதும் பிந்திப்போகிறவன், அன்று பிந்தவில்லை.

தட்டில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. நாற்காலியில் இருந்த அக்கா கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"சரி, முடிச்சிட்டு சேர்ந்து சாப்பிடலாம். ஆரம்பி" என்று தட்டில் இருந்த அக்கா சொன்னாள். ஒற்றைக் குச்சியால் மாமா தாளம் எண்ணுவது கேட்டது. நாற்காலியில் இருந்த மாமாவும் அதையே எண்ணினார், இடது கையால், பிடியின் மேல்.

தம்பி பாடினான். அந்தப் பெரிய உறுமல் அவனிடம் இல்லை. கொப்புளம் ஆறிய தொண்டை. பல வருடம் பேச்சுக்கே பழகாத தொண்டை. தரையில் மேசையை இழுப்பது போல ஒரு சத்தம்தான் வந்தது, அதுவும் அடுத்த அறை வரைதான் எட்டும். ஆனால் வேகம் இல்லாததால் அது போதுமாக இருந்தது. விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றிய சொற்கள் அத்தனையும் அவனுக்கு நினைவிருந்தன. அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் தட்டில் பேஸும் நின்றது. இருமியபோது காத்திருந்தது. மீதி மூன்று பாட்டும் முடிய, வழக்கத்தை விட அதிக நேரம் ஆயிற்று. முடிந்ததும் அக்கா எழுந்து போய் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது மாமா, மாதக்கணக்கில் ஒரு சொல்லும் வராதவர், "மெதுவா" என்றார். பாட்டைச் சொன்னாரா சோற்றைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தம்பி ஞாயிறு தோறும் மத்தியானம் வந்து தட்டோடு பாடுகிறான். அக்கா அவனை மன்னித்தாளா என்பது ஊரில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் யாரும் துணிந்ததில்லை. மற்ற நாட்களில், கூடத்தில் யாரும் இல்லாதபோது, அவள் தட்டைத் தனியாகப் போட்டு, போனவன் திரும்பி வந்திருக்கிறானா என்று பார்ப்பதுண்டு என்கிறார்கள். அவன் வரவில்லை. வேறெங்கோ போய் வேறு யாருக்கோ பாடுகிறானோ என்னவோ, செய்தி இல்லை. தம்பியின் அறையில் இப்போதும் சுவர் முனகுகிறது. வாரத்தில் ஆறு நாள் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மற்றபடி, தட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தூர ஊர்களில் அதை வாங்கி வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டால் அதில் குரல் இருப்பதைக் கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய குரல் இல்லை, உடைந்த குரல், சில வாரம் சளி பிடித்த குரல்; பாட்டுக்கு நடுவில் ஒரு பெண் சாப்பிட்டியா என்று கேட்பதும், இன்னும் இல்லை என்று அவன் சொல்வதும் எல்லாத் தட்டிலும் கேட்கிறது. கடைக்காரர்கள் இப்போது விற்கும்போதே, ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டுக் கேளுங்க என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் போட்டால் ட்ரம்ஸும் பேஸும், அவன் பாட வேண்டிய இடமும் மட்டும் இருக்கும். அதற்காகவும் சிலர் வாங்குகிறார்கள்.